எட்டு மணி நேர இரட்டை: டபிள்யூ அர்சே மேஜோரிஸின் மறைப்புகளுக்கு நேரம் குறித்த அனுபவம்

பெருங்கரடி மண்டலத்தில், ஒன்றையொன்று சுற்றிவந்து மாறி மாறி மறைக்கும் இரண்டு விண்மீன்களாலான டபிள்யூ என்ற இரட்டையைத் தொடர்ந்து படமெடுத்து, அதன் மறைப்பு நேரத்தை ஒரு நிமிடத் துல்லியத்தில் அளக்க முடியுமா, அளந்தால் அதன் சுற்றுக் காலம் மாறுகிறதா என்று சொல்ல முடியுமா என்ற இரண்டு கேள்விகளோடு இந்த வேலையைத் தொடங்கினேன். முதல் கேள்விக்கு டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 200 மி.மீ. லென்சும் போதும். இரண்டாவது கேள்விதான் மாதக் கணக்கில் இழுத்தது. மறைப்பு முந்தியோ பிந்தியோ வருவதற்குச் சுற்றுப்பாதை மாறியிருக்கலாம் என்பது பல காரணங்களுள் ஒன்று மட்டுமே; மற்றவற்றையெல்லாம் கழித்த பிறகே அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

இந்த விண்மீனின் பொலிவு மாறுவதை 1903-ஆம் ஆண்டு ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகத்தைச் சேர்ந்த குஸ்டாவ் முல்லரும் பால் கெம்ப்பும் அறிவித்தார்கள். பொலிவு ஏறி இறங்கும் காலம் அவர்களுக்கு 4 மணி நேரமாகத் தெரிந்தது. இன்று நாம் சொல்லும் சுற்றுக் காலம் அதன் இரு மடங்கு, ஏறத்தாழ 0.33363 நாள், அதாவது 8 மணி நேரமும் 26 விநாடியும். ஒரு சுற்றில் இரண்டு மறைப்புகள் நிகழ்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆழம் கொண்டவை. உச்சத்தில் பொலிவெண் (எண் கூடினால் பொலிவு குறைவு) 7.75, முதன்மை மறைப்பில் 8.48, இரண்டாம் மறைப்பில் 8.43. ஒரு விண்மீன் சூரியனைவிடச் சற்றுக் கனமானது, மற்றது அதில் பாதியளவே நிறை கொண்டது என்றாலும், இரண்டின் புறப்பரப்பு வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டும் தத்தம் ஈர்ப்பு எல்லையை நிரப்பி வழிந்து, பொதுவான ஒரு வாயுப் போர்வையைப் பகிர்ந்துகொள்வதே அதற்குக் காரணம். இரண்டு பருப்புள்ள நிலக்கடலையின் வடிவத்தை நினைத்துக்கொண்டால் போதும். அந்த வடிவம் சுழலும்போது அகலப் பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறி நம்மை நோக்குவதால், மறைப்பு நடக்காத வேளையிலும் பொலிவு நிலையாக நிற்பதில்லை. எங்கே மறைப்பு தொடங்கியது, எங்கே முடிந்தது என்று ஒளி வளைவில் கோடு கிழிக்க முடியாது.

வேறு விண்மீன்கள் இருக்க இதைத் தேர்ந்ததற்குச் சுற்றுக் காலமே காரணம். மூன்று சுற்றுகள் சேர்ந்தால் ஒரு நாளும் 1.3 நிமிடமும் ஆகும். ஆகையால் இன்று இரவு 11 மணிக்கு ஒரு மறைப்பைப் பார்த்தால், நாளையும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதே மறைப்பைப் பார்க்கலாம். மேகம் வந்து ஒரு நாள் கெட்டாலும் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் இந்த வசதியே தொல்லையும் ஆகிறது. சில மணி நேரம் மட்டும் படமெடுப்பவருக்கு வாரக் கணக்கில் வளைவின் ஒரே பகுதிதான் கிடைக்கும். விண்மீன் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிப்பதும் மறைப்பு 1.3 நிமிடம் பிந்துவதும் சேர்ந்து, விண்மீன் வானில் மிக உயரமாக நிற்கும் உச்சிவட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் மறைப்பு மாதத்துக்கு இரண்டரை மணி நேரம் நகர்கிறது. அதற்குக் காத்திருக்காமல் முழு வளைவையும் பெற ஒரு வழி உண்டு. நான் இருப்பது பத்தரை பாகை வட அகலாங்கு. அங்கிருந்து பார்த்தால் இந்த விண்மீன் 45 பாகைக்கு மேல் ஏறாது. ஆனால் 25 பாகை உயரத்துக்கு மேல் அது இருக்கும் நேரம் கிட்டத்தட்ட சரியாக 8 மணி நேரம். பிப்ரவரி நடுவில் நள்ளிரவை ஒட்டி அது உச்சிவட்டத்தைக் கடக்கிறது. வடக்குத் தொடுவானம் திறந்திருக்கும் ஒரு மொட்டை மாடியும் மேகமற்ற ஒரு பிப்ரவரி இரவும் இருந்தால் ஒரே அமர்வில் முழுச் சுற்றும் கையில் கிடைத்துவிடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 200 மி.மீ. லென்ஸ், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் சிறிய மோட்டார் தாங்கி. லென்ஸின் துளையை எஃப் 4-க்குக் குறுக்கி, 30 விநாடிப் படங்கள். குவியத்தை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து, விண்மீனின் ஒளி எட்டுப் பத்துப் பிக்சல் அகலத்துக்குப் பரவும்படி வைத்தேன். கூர்மையான படம் அழகாக இருக்கும், ஆனால் அளவைக்கு உதவாது. கேமராவின் வண்ணக் கட்டங்களில் பச்சை ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம்தான் இருப்பதால், கூரிய புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொலிவு மாறித் தெரியும். படங்கள் ரா கோப்புகளாகவே சேமிக்கப்பட வேண்டும். டார்க் படங்களையும் (மூடியிட்டு எடுப்பவை) ஃபிளாட் படங்களையும் (சீரான ஒளியில் எடுப்பவை) வழக்கம்போல எடுத்து, பச்சை வண்ணத்தை மட்டும் பிரித்து, ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் அளந்தேன். இடம் கண்டுபிடிப்பது எளிது: பெருங்கரடியின் தீட்டாவுக்கும் உப்சிலானுக்கும் ஏறக்குறைய நடுவில் விண்மீன் இருக்கிறது. ஆனால் அவ்விரண்டும் ஒப்பீட்டுக்கு ஆகாத அளவு பொலிவானவை. உப்சிலானோ தானே சிறிதளவு பொலிவு மாறும் இயல்புடையது.

ஒப்பீட்டு விண்மீனைத் தேர்வதில் எடுத்த கவனத்துக்குப் பலன் கிடைத்தது. பரப்பு ஆறு பாகை அகலம் என்பதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அகலமே ஆபத்து. 25 பாகை உயரத்தில் இருக்கும் விண்மீனின் ஒளி கடந்து வரும் காற்றின் அளவு, தலைக்கு மேலே இருப்பதைப் போல 2.37 மடங்கு, 27 பாகை உயரத்தில் 2.20 மடங்கு. பச்சை ஒளியில் ஒரு மடங்கு காற்றுக்கு 0.2 பொலிவெண் இழப்பு என்று வைத்தால், இரண்டு பாகை தள்ளியிருக்கும் ஒப்பீட்டு விண்மீனால் மட்டுமே 0.03 பொலிவெண் பிசகு வரும். இரவின் தொடக்கத்தில் ஒரு திசையிலும் முடிவில் எதிர்த் திசையிலும் அந்தப் பிசகு சாயும். முதன்மை மறைப்பையும் இரண்டாம் மறைப்பையும் பிரித்தறிய நமக்கு இருக்கும் வேறுபாடே 0.05 பொலிவெண்தான் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். எனவே ஒரு பாகைக்குள், இலக்கின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, சூரியனை ஒத்த மஞ்சள் நிறமுள்ள விண்மீன்களையே எடுத்துக்கொண்டேன். மூன்றாவது ஒன்றைச் சரிபார்ப்புக்கு வைத்தேன். அது இரவு முழுதும் சமமாக நின்றால்தான் அன்றைய அளவைகள் கணக்கில் சேரும். இலக்குக்குச் சில விகலை (ஒரு விகலை பாகையில் 3600-இல் ஒரு பங்கு) தூரத்தில் 12 பொலிவெண் அளவில் ஒரு மங்கிய விண்மீன் ஒட்டியிருக்கிறது. இந்த லென்ஸில் அது பிரியாது. மொத்த ஒளியில் அதன் பங்கு இரண்டு மூன்று விழுக்காடுதான், மறைப்பின் ஆழத்தை மிகச் சிறிதளவு குறைத்துக் காட்டும், நேரத்தைத் தொடாது.

ஒளியின் விகிதத்தைப் பொலிவெண்ணாக மாற்ற, விகிதத்தின் மடக்கையை 2.5-ஆல் பெருக்கும் சூத்திரத்தை மென்பொருளே போட்டுவிடுகிறது. இந்த அளவுகோலை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன், பின்பு 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். அங்கே அவரோடு பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்து ஆர் விண்மீனின் பொலிவு மாறுவதைக் கண்டார். பொலிவு மாறும் விண்மீன்களைப் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிய வேலையன்று.

முழு இரவின் படங்களை அளந்து வரைந்தபோது ஒரு படத்துக்கு ஏறத்தாழ 0.01 பொலிவெண் சிதறல் இருந்தது. ஐம்பது மி.மீ. துளைக்கு இது எதிர்பார்க்கத் தக்கதே. இதில் பெரும்பகுதி விண்மீன் மினுக்குவதால் வருவது, கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஐந்து படங்களைச் சராசரி எடுத்தவுடன் வளைவு தெளிந்தது. ஏற்றமும் இறக்கமும் இடைவிடாமல் தொடர்ந்தன, இரண்டு பள்ளங்களில் ஒன்று சற்றே ஆழமாக இருந்தது. இவ்வகை விண்மீன்களில் ஆழமான பள்ளம் எப்போது வருகிறது என்பது சுவையானது. இதில் நிறை குறைந்த சிறிய விண்மீனின் பரப்புத்தான் சற்று வெப்பமானது. அது பெரியதன் பின்னே மறையும்போதுதான் பள்ளம் ஆழமாகிறது.

இனி நேரம். என் குறிப்பேட்டில் பாதிக்கு மேல் நேரத்தைப் பற்றியதுதான்.

கேமராவின் கடிகாரம் நாளொன்றுக்குச் சில விநாடிகள் தவறும்; கோப்பில் முழு விநாடி மட்டுமே பதிவாகும்; அதுவும் படம் தொடங்கிய நேரமே பதிவாகும். ஆகவே ஒவ்வோர் இரவும் தொடக்கத்திலும் முடிவிலும், இணைய நேரச் சேவையகத்தோடு இணைக்கப்பட்ட மடிக்கணினியின் விநாடிக் காட்சியை அதே கேமராவால் படமெடுத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்துக்கும் அந்தத் திருத்தத்தோடு 15 விநாடியைக் கூட்டினால்தான் படத்தின் நடு நேரம் கிடைக்கும். அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து உலக நேரமாக்கி, அதை, நாள்களை இடைவிடாமல் எண்ணிச் செல்லும் ஜூலியன் நாள் எண்ணாக மாற்ற வேண்டும். ஜூலியன் நாள் கிரீன்விச்சின் நண்பகலில் மாறுகிறது. இந்தியாவில் அப்போது மாலை 5:30. நமக்கு இது பெரிய வசதி. கேமராவை மாடிக்குத் தூக்கிச் செல்வதற்கு முன்பே எண் மாறிவிடுவதால், இரவு முழுதும் ஒரே நாள் எண்ணில் அடங்கிவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்த நேரம் பூமியில் இருப்பவரின் நேரமே. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீனுக்கு அருகிலும் தொலைவிலும் போய்வருகிறது; ஒளி அந்தத் தொலைவைக் கடக்க நேரம் எடுக்கிறது. இந்த விண்மீன் பூமியின் பாதைத் தளத்திலிருந்து 39.5 பாகை மேலே இருப்பதால், விலகல் அதிகபட்சம் முன்னும் பின்னும் 6.4 நிமிடம் வரும். திருத்தாமல் விட்டால் ஓராண்டில் 12.8 நிமிட அலை ஒன்று வரைபடத்தில் தோன்றும். சுற்றுப்பாதை அசைகிறது என்று ஆர்வமுள்ள யாரும் அதைப் படித்துவிடலாம். சூரியனை மையமாகக் கொண்ட நேரமா, சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தைக் கொண்ட நேரமா என்பதில் நான்கு விநாடி வரை வேறுபாடு உண்டு. அதைவிடப் பெரிது கால அளவுகோலின் வேறுபாடு. 2018-இல் ஏவப்பட்ட, விண்மீன்களின் பொலிவை அளக்கும் டெஸ் விண்கலத்தின் தரவில் நேரம் இயக்கவியல் கால அளவுகோலில் தரப்படுகிறது. அது நம் கடிகாரத்தின் உலக நேரத்தைவிட இப்போது 69.2 விநாடி முன்னே இருக்கிறது. என் மறைப்பு நேரங்களை அந்த விண்கலத்தின் நேரங்களோடு அப்படியே சேர்த்து வரைந்திருந்தால், ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட படிக்கட்டு ஒன்று நடுவில் நின்றிருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகே வரைபடத்தைத் தொட்டேன்.

மறைப்பின் நடு நேரத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளைப் பயன்படுத்தினேன். முதலாவது பழைய காகித வழி. ஒளி வளைவைப் பெரிதாக அச்சிட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும் காகிதத்தை வைத்துப் புள்ளிகளைக் குறித்து, காகிதத்தை இடம் வலமாகத் திருப்பி, இறங்கும் கரையும் ஏறும் கரையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நகர்த்த வேண்டும்; படிந்த நிலையில் இரண்டு காகிதங்களின் நேர அச்சுகளுக்கு நடுவே சமச்சீர்க் கோடு விழும். இரண்டாவது, 1956-இல் குவீயும் வான் வோர்டனும் வெளியிட்ட கணக்கு முறை. அதுவும் இதையே எண்களால் செய்கிறது. ஒரு நேரத்தை ஊகித்து, வளைவை அதைச் சுற்றி மடித்து, இரு கரைகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்த நேரத்தில் மிகக் குறைவு என்று தேடுகிறது. இரண்டும் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் ஒத்துப்போயின. கணக்கு முறை தன் பிழை எல்லையாகச் சில விநாடிகளையே தருகிறது. அதை நம்புவதற்கில்லை, அடுத்தடுத்த இரவுகளின் முடிவுகள் அதைவிடப் பல மடங்கு சிதறிக் கிடந்தன. நான் என் பிழை எல்லையை ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொண்டேன். காகித வழியில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. இரு கரைகளும் சரியாகப் படிய மறுக்கும் இரவுகள் கண்ணுக்கு உடனே தெரிந்தன. அந்த இரவுகள்தான் பின்னால் மிகவும் பயன்பட்டன.

நேரங்கள் கிடைத்ததும் ஓ–சி (நோக்கியது கழித்தல் கணித்தது) வரைபடம். வெளியிடப்பட்ட ஒரு தொடக்க நேரத்தையும் சுற்றுக் காலத்தையும் வைத்து, ஒவ்வொரு மறைப்பும் எப்போது நிகழ வேண்டும் என்று கணிக்கிறோம். நோக்கிய நேரத்திலிருந்து அதைக் கழித்து, சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிரே குறிக்கிறோம். சிறிய கருவியின் வலிமை இங்கேதான் இருக்கிறது. வைத்துக்கொண்ட சுற்றுக் காலம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 0.0000001 நாள் தவறியிருந்தாலும், பத்தாயிரம் சுற்றுகளில், ஒன்பது ஆண்டுகளில், அது ஒன்றரை நிமிட விலகலாகத் திரண்டுவிடும். புள்ளிகள் சாய்கோட்டில் விழுந்தால் நாம் எடுத்துக்கொண்ட சுற்றுக் காலம் சரியில்லை, அவ்வளவே. வளைந்து பரவளைவாகச் சென்றால் சுற்றுக் காலம் சீராக மாறிக்கொண்டிருக்கிறது. ஏறி இறங்கி அலையாகச் சென்றால் வேறு கதை. பழைய அட்டவணை ஒன்றின் எண்களை வைத்துக் கணித்தபோது என் புள்ளிகள் பிழை எல்லைக்கு வெகு தொலைவில் விழுந்தன. அண்மைக் காலத்து எண்களை வைத்தபோது சுழிக் கோட்டை ஒட்டி வந்தன. பழைய எண்களோடு ஒப்பிட்டுச் சுற்றுக் காலம் மாறிவிட்டது என்று சொல்ல ஆசை வருவது இயல்பு. ஆனால் ஒரே ஒரு பருவத்தின் அளவைகள் அந்தக் கோட்டின் ஒரு முனையில் உள்ள ஒரு புள்ளிக்கொத்து மட்டுமே. இடையில் என்ன நடந்தது என்பதைப் பிறர் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த நேரங்களே சொல்ல வேண்டும்.

அந்தப் புள்ளிக்கொத்துக்குள்ளேயே எனக்கு ஒரு வியப்பு இருந்தது. முதன்மை மறைப்புகள் சராசரியாகச் சற்று முந்தியும், இரண்டாம் மறைப்புகள் சற்றுப் பிந்தியும் வந்தன. இரண்டு விண்மீன்களும் ஒட்டிய நிலையில் வட்டப் பாதையில் சுற்றுகின்றன. நீள்வட்டப் பாதையாக இருந்தால் மட்டுமே இரண்டாம் மறைப்பு நடுவிலிருந்து விலகலாம், இங்கே அதற்கு இடமில்லை. விடை, காகிதம் படிய மறுத்த இரவுகளில் இருந்தது. அந்த இரவுகளின் வளைவுகளில் இரண்டு உச்சங்களும் சம உயரத்தில் இல்லை. முதன்மை மறைப்புக்குப் பின் வரும் உச்சம் 0.03 பொலிவெண் அளவுக்குக் கூடுதல் பொலிவோடு இருந்தது. உச்சங்கள் இப்படிச் சமமின்றி இருப்பதை 1951-இல் விரிவாக ஆராய்ந்த இயேசு சபைத் துறவி ஓ'கானலின் பெயரால் ஓ'கானல் விளைவு என்கிறார்கள். மிக வேகமாகச் சுழலும், வெளிப்பகுதி கொதித்துப் புரளும் இவ்வகை விண்மீன்களில் பெரிய கரும்புள்ளிகள் தோன்றுவதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

கரும்புள்ளி எப்படி நேரத்தை நகர்த்தும் என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தேன். மறைப்பின் அடிப்பகுதியில் பொலிவு, நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: நடுவிலிருந்து 50 நிமிடத்தில் ஏறத்தாழ 0.4 பொலிவெண். அதன் மேல், ஒரு பக்கம் பொலிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும் விண்மீன் சுழல்வதால் ஒரு மெல்லிய சாய்வு ஏறுகிறது. உச்சங்களுக்கிடையே 0.03 வேறுபாடு என்றால் அந்தச் சாய்வு நிமிடத்துக்கு 0.0002 பொலிவெண். கிண்ணத்தின் மேல் சாய்வைக் கூட்டினால் கிண்ணத்தின் அடி நகரும். கணக்கின்படி நகர்வு ஏறத்தாழ 0.6 நிமிடம். பொலிவான உச்சத்திலிருந்து விலகும் திசையில் நகரும் என்பதுதான் இதில் முக்கியம். முதன்மை மறைப்புக்குப் பின்னால் பொலிவான உச்சம் வருவதால் அந்த மறைப்பு முந்துகிறது; இரண்டாம் மறைப்புக்கு அதே உச்சம் முன்னால் இருப்பதால் அது பிந்துகிறது. நான் கண்டதும் அதே திசையில், அதே அளவில்தான் இருந்தது.

சுற்றுப்பாதை உண்மையில் மாறினாலோ, மூன்றாவது விண்மீன் ஒன்று இந்த இரட்டையை முன்னும் பின்னும் இழுத்தாலோ, இரண்டு மறைப்புகளும் ஒரே திசையில் ஒரே அளவுக்கு நகரும். கரும்புள்ளி நகர்த்தினால் எதிரெதிர்த் திசையில் நகரும். கெப்ளர் விண்கலத்தின் தரவில் உள்ள, இப்படி ஒட்டிச் சுற்றும் பல இரட்டைகளில் (ஒட்டிரட்டைகளில்) முதன்மை, இரண்டாம் மறைப்புகளின் விலகல்கள் இப்படி எதிரெதிராக ஆடுவதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே முதன்மை மறைப்பை மட்டும் அளந்து வரைந்த ஓ–சி வரைபடத்தை இப்போது நான் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறேன். இரண்டையும் அளந்து சராசரி எடுத்தால் கரும்புள்ளியின் பங்கு பெருமளவு நீங்கிவிடுகிறது; வேறுபாட்டை எடுத்தால் அதே தரவு கரும்புள்ளிகளின் நடமாட்டத்தைச் சொல்கிறது. கூடுதல் செலவு சில மணி நேரத் தூக்கம் மட்டுமே.

இவற்றைக் கழித்தபின் எஞ்சுவதும் உடனே சுற்றுப்பாதை மாற்றமாகிவிடாது. பெர்சியஸ் மண்டலத்து மறைப்பு இரட்டையான அல்கால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2.867 நாளில் சுற்றும் அந்த இரட்டையை மூன்றாவது விண்மீன் ஒன்று ஏறத்தாழ 680 நாளில் சுற்றுகிறது; இரட்டை நம்மை நோக்கியும் விலகியும் அசைவதால் அதன் மறைப்புகள் சில நிமிடங்கள் முந்திப் பிந்துகின்றன. இரட்டையின் பாதையில் எதுவும் மாறவில்லை, ஒளி வரும் தொலைவுதான் மாறுகிறது. அதே அல்காலில் பல பத்தாண்டு நீளமுள்ள அலைகளும் உண்டு. குளிர்ந்த, காந்தச் செயல்பாடு மிக்க விண்மீன் இருக்கும் இரட்டைகளில்தான் சுற்றுக் காலம் இப்படி மாறி மாறிக் கூடிக் குறைகிறது என்பதை டக்ளஸ் ஹால் 1989-இல் கவனித்தார். காந்தச் சுழற்சியால் விண்மீனின் வடிவம் சற்றே தட்டையாகியும் உருண்டும் ஈர்ப்பை மாற்றுவதால் இது நிகழலாம் என்று ஜேம்ஸ் ஆப்பிள்கேட் 1992-இல் விளக்கினார். இதில் சுற்றுக் காலம் உண்மையாகவே மாறுகிறது; ஆனால் பொருள் எதுவும் இடம் பெயரவில்லை, மாற்றம் ஒரே திசையில் நீடிப்பதும் இல்லை.

இவற்றை விலக்காமல் வரைபடத்தின் வளைவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிக்னஸ் மண்டலத்தின் கே.ஐ.சி. 9832227 சான்று. 11 மணி நேரத்தில் சுற்றும் இந்த ஒட்டிரட்டையின் சுற்றுக் காலம் விரைந்து குறைந்துவருவதாகக் கண்டு, 2022-ஐ ஒட்டி இரண்டும் இணைந்து வெடிப்பொலி வீசும் என்று 2017-இல் லாரி மோல்னரின் குழு கணித்தது. 2018-இல் குவென்டின் சோசியாவின் குழு, 2003-இல் எடுக்கப்பட்டிருந்த வேறொரு தரவைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அது அந்த வளைவில் பொருந்தவில்லை. தேடியதில், 1999-ஆம் ஆண்டின் மறைப்பு நேரம் பழைய கட்டுரை ஒன்றில் 12 மணி நேரம் தவறி அச்சாகியிருந்தது தெரிந்தது. சுற்றுக் காலம் 11 மணி நேரம் என்பதால் 12 மணி நேரப் பிசகு, ஒரு சுற்றை விழுங்கிவிட்டு, ஒரு மணி நேர விலகலாக மட்டுமே தோன்றியிருக்கிறது. அதனால்தான் அது நம்பும்படி இருந்தது. கணித்தவர்களும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். கணிப்பு சோதிக்கத்தக்க வடிவில் வெளியிடப்பட்டதால்தான் இந்தத் திருத்தமும் சாத்தியமானது என்பது என் கருத்து. உண்மையாகவே இணைந்த இரட்டையும் உண்டு: 2008 செப்டம்பரில் வெடித்த வி1309 ஸ்கார்பியை, அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஓகிள் ஆய்வுத் திட்டம் தற்செயலாகப் படமெடுத்து வைத்திருந்தது. ஏறத்தாழ 1.4 நாள் சுற்றுக் காலம் ஆண்டுக்கு ஆண்டு மேலும் வேகமாகக் குறைந்துவந்ததை அந்தப் படங்களிலிருந்து டிலெண்டாவின் குழு 2011-இல் காட்டியது.

பொருள் பெயர்ச்சியால் சுற்றுக் காலம் மாறுவதை ஐயமின்றிக் காண விரும்புபவர் பார்க்க வேண்டியது யாழ் மண்டலத்தின் பீட்டா லைரே. பொலிவெண் 3.25-க்கும் 4.36-க்கும் இடையே மாறும் அதன் பொலிவை ஜான் குட்ரிக் 1784-இல் கண்டார். இப்போது 12.94 நாளாக இருக்கும் சுற்றுக் காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 விநாடி வீதம் கூடிவருகிறது. சூரியனைப் போல 3 மடங்கு நிறையுள்ள விண்மீன், 13 மடங்கு நிறையுள்ள துணைக்குப் பொருளைக் கொட்டுகிறது. பெறுபவர் ஒரு தடித்த வாயு வட்டுக்குள் மறைந்திருக்கிறார். இலேசானதிலிருந்து கனமானதற்குப் பொருள் போனால் பாதை விரியும். ஆண்டுக்குச் சூரிய நிறையில் 0.00002 பங்கு போவதாக வைத்து, அதை 3-ஆல் பெருக்கி, பின்னர் 3-இல் ஒன்றிலிருந்து 13-இல் ஒன்றைக் கழித்த எண்ணாலும் பெருக்கினால், சுற்றுக் காலத்தின் வளர்ச்சி ஆண்டுக்கு 0.0000154 பங்கு, 12.94 நாளுக்கு அது 17 விநாடி. அந்தப் பெயர்ச்சி வீதமே பெரும்பாலும் சுற்றுக் காலத்திலிருந்து பின்னோக்கிப் பெறப்பட்டது என்பதால், எண்கள் பொருந்துவதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கையால் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது.

மே மாதத்திலிருந்து அதே கேமராவைப் பீட்டா லைரே பக்கம் திருப்புகிறேன். அங்கே ஒரு நிமிடத் துல்லியம் தேவையில்லை. இரவுக்கு ஒரு புள்ளி போதும், 50 மி.மீ. லென்ஸ் போதும், பக்கத்திலேயே இருக்கும் காமா லைரே அதன் உச்சப் பொலிவுக்கு ஏறத்தாழச் சமமாக இருப்பதால் ஒப்பீட்டுக்கு அதுவே பொருத்தம். தென்மேற்குப் பருவ மேகங்களுக்கு இடையே கிடைக்கும் புள்ளிகளைப் பல சுற்றுகளிலிருந்து திரட்டி, சுற்றுக் காலத்தால் மடித்து ஒரே வளைவாக்க வேண்டும். முப்பது ஆண்டுப் பழைய எண்களை மாறாத சுற்றுக் காலமாக எடுத்துக் கணித்தால், 847 சுற்றுகளில் சராசரி 285 விநாடி வீதம் சேர்ந்து, மறைப்பு 2.8 நாள் பிந்தி வர வேண்டும். கணித்த நாளில் விண்மீன் மங்காமல் நிற்பதைக் கருவியே இல்லாமல் வெறுங்கண்ணாலும் பார்த்துவிடலாம்.